ஊசி சற்றே கீழே குத்தியிருக்கிறது

ஹோல்ம்டால், வடக்கு டகோட்டா
செப்டம்பர் 14, 1989

ஆர்லின்,

போன் செய்தால் இரண்டாவது நிமிடம் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்க இல்லை. ஒரே கேள்விதான்: அப்பாவின் துப்பாக்கியை யாருக்குக் கொடுத்தாய்?

தெரியாத மாதிரி நடிக்காதே. அப்பா போன பிறகு, 83 மே மாதம், நாம் மூன்று பேரும் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து அவர் சாமான்களைப் பிரித்தோம். அலமாரி மேல்தட்டில் தோல் உறை மட்டும்தான் இருந்தது, உள்ளே துப்பாக்கி இல்லை. அதற்கு முன்பே அதைத் தனக்கு வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தவன் நீ. "எடுத்தியா?" என்று கேட்டேன். "இல்லை" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாய். அடுத்த மாதமே யூமாவுக்குப் போய்விட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும், துப்பாக்கி கிளப்பில் சுட்டுப் போட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகளை வாளியோடு வீட்டுக்குக் கொண்டுவருவேன். கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அவற்றில் மறுபடி வெடிமருந்து நிரப்புவது இப்போதும் நான்தான். முதலில் ஒவ்வொன்றாகத் துடைத்து, விளக்குக்கு அடியில் பூதக்கண்ணாடி வைத்து உருட்டிப் பார்ப்பேன். வாயில் விரிசல் உண்டா, அடிப்பக்கம் புடைத்திருக்கிறதா, சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா என்று. சந்தேகம் வந்தால் கழிவு போடும் காபி டின்னுக்குப் போகும். கெட்ட கூட்டில் மருந்து போட்டால் சுடுகிறவர் கை போய்விடும்.

இந்த மாதம் சரளைக்கல் குழியில் வியாழக்கிழமைதோறும் பெண்களுக்குப் புதிதாகச் சுடப் பழக்குகிறார்கள். அங்கிருந்து வந்த வாளியில் இதுவரை பார்த்ததில் பதினொரு கூடுகள் வேறு மாதிரி. விளிம்பில் நகத்தால் கீறினாற்போல் பிறைத் தடம். கூட்டின் அடியில் தீப்பற்றும் அடிப்பொட்டில் துப்பாக்கியின் ஊசி நடுவில் குத்தாமல் சற்றே கீழே குத்தியிருக்கிறது. சின்ன வயதில் அப்பா சுட்டு முடித்ததும் புல்லில் மண்டி போட்டு நாம் பொறுக்கியவை எல்லாம் இப்படித்தான் இருக்கும். கூட்டை வெளியே தள்ளும் துண்டு உடைந்ததும் அவரே அரம் வைத்துச் செய்துபோட்டார், நினைவிருக்கிறதா? உலகத்தில் வேறெந்தத் துப்பாக்கிக்கும் அந்தத் துண்டு இல்லை.

ஆக, அது இந்த ஊரில்தான் இருக்கிறது. நீ அரிசோனாவில் இருக்கிறாய். யாருக்குக் கொடுத்தாய்?

வெர்னா


யூமா, அரிசோனா
செப்டம்பர் 23, 1989

திருமதி வெர்னா அவர்களுக்கு,

ஆறு வருடத்தில் உனக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றும் பிரிக்காமல் திரும்பி வந்தன. உறைமேல் "வேண்டாம்" என்று உன் கையெழுத்து. உன்னைப் போல எனக்கு நெஞ்சுரம் இல்லை, அதனால் நீ எழுதியதைப் பிரித்தேன். இங்கே கீரைக் கிடங்கின் குளிர்ச்சி இயந்திரம் மூன்று நாளாக மக்கர். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நாலு தடவை படித்தேன்.

நான் எடுக்கவில்லை. இதை எத்தனை விதமாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் தடயத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். பித்தளைக் கூடு பத்து தடவைகூட நிரப்பப்படும், நீயே சொல்வாய். அப்பா என்றோ சுட்ட கூடு ஊரைச் சுற்றி, யாரோ நிரப்பி, யாரோ சுட்டு, உன் வாளிக்கு வந்திருக்கலாம். பழைய பிறைக் கீறல் அதில் இருக்கத்தானே செய்யும். அதைக் கையில் வைத்துக்கொண்டு திருடனைப் பிடித்துவிட்டாயாக்கும்.

வியாழக்கிழமை அங்கே யார் சுடுகிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டியதுதானே. ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளியிருக்கும் என்னிடம் கேட்பது உனக்குச் சுலபமாக இருக்கிறது.

அம்மா எப்படி இருக்கிறாள்? ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதியோர் இல்லத்து நர்சுகளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள்.

ஆர்லின்


ஹோல்ம்டால்
அக்டோபர் 1, 1989

ஆர்லின்,

கீறல் பழையதாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிப்பொட்டு ஒவ்வொரு தடவையும் புதிது. பழையதைத் தட்டி எடுத்துவிட்டுத்தானே புதிதை அழுத்துகிறோம். அதில் ஊசி கீழே குத்தியிருக்கிறது. கடைசியாகச் சுட்டது அப்பாவின் துப்பாக்கிதான். இதில் உனக்கும் சந்தேகம் இருக்க முடியாது, என்னைக் குழப்பப் பார்க்கிறாய்.

உன் யோசனைப்படி வியாழக்கிழமை போய்ப் பின்னால் நின்றேன். எட்டுப் பெண்கள். ஓரத்தில் கிளாரிஸ் நைகார்ட். உனக்குத் தெரியும், இருபத்தேழு வருடம் நம் பக்கத்துக்குத் தபால் கொண்டுவந்தவள், வசந்தத்தில் ஓய்வு பெற்றாள். அவள் கையில் அப்பாவின் துப்பாக்கி. பிடியில் அவர் தன் பெயருக்காகச் செதுக்கிய 'எஸ்' எழுத்து தேய்ந்துபோய் இருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள். துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்தாள்.

"இது எப்படி உன்கிட்ட வந்தது?" என்றேன்.

"உங்கம்மாவக் கேளு."

"உன்னத்தான் கேக்கறேன்."

"வெர்னா, நான் தபால்காரி. எனக்குக் குடுத்தத வெச்சிருந்தேன். பிரிச்சுப் படிக்கற பழக்கம் எனக்குக் கெடையாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆறு வருஷம் பீரோவுக்குள்ள கிடந்துது, அதப் பாத்து நான் பயந்துக்கிட்டே இருந்தேன். இனிமே பயப்பட வேணாம்னுதான் கத்துக்க வந்தேன்" என்றாள்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். வாளியில் பாதியைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். மனதைத் திருப்பலாம் என்று மீதியைக் கொட்டினேன். அதில் ஏழு கூடுகள், அதே கீறல், அதே குத்து. துடைத்தபோது அடியில் பச்சைக் கோடு தெரிந்தது.

என் கோடு. நான் நிரப்பியது தெரிவதற்காக வருடத்துக்கு ஒரு நிறத்தில் போடுவேன். 83 ஜனவரியில் பச்சைப் பேனா எடுத்தேன், ஒரு பெட்டி முடிவதற்குள் வறண்டுபோனது, அப்புறம் சிவப்புக்கு மாறினேன். பச்சை ஒரே ஒரு பெட்டி. அதை உன்னிடம் கொடுத்தேன். உன் துப்பாக்கிக்கு என்று கேட்டு வாங்கினாய். அப்படியானால் அதில் உன் துப்பாக்கியின் தடம் இருக்க வேண்டும், அப்பாவுடையது ஏன் இருக்கிறது?

கிளாரிஸ் கையில் துப்பாக்கி. அதற்குள் உன் பெட்டித் தோட்டா. அம்மாவைக் கேள் என்கிறாள். மூன்றையும் எப்படி வைத்தாலும் ஒன்று வெளியே நிற்கிறது. மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டேன். பேருந்தில் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன், பிள்ளைகள் கத்தின.

சண்டைக்கு எழுதவில்லை. எனக்குப் புரியவில்லை. சொல்.

வெர்னா


யூமா
அக்டோபர் 10, 1989

அக்கா,

இதை ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன். மற்ற நாலையும் கிழித்துவிட்டேன்.

அந்தப் பெட்டியை எனக்கு என்று பொய் சொல்லித்தான் உன்னிடம் வாங்கினேன். அப்பாவுக்குக் கொடுத்தேன்.

அந்தக் குளிர்காலம் அம்மா நம் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு அப்பாவுக்குத் தோட்டா தரவேண்டாம் என்றாள். அவளே அவர் பெட்டிகளையெல்லாம் எடுத்து ஒளித்துவிட்டாள். "அவருக்கு ஆள் அடையாளம் தெரியல ஆர்லின். என்ன அவங்க அக்கான்னு நினைச்சுப் பேசறார்" என்றாள். நான் நம்பவில்லை. அம்மா எதையும் பெரிதுபடுத்துவாள் என்று நினைத்தேன். அதே வாரம் அப்பாவும் நானும் டிராக்டரின் மின்கலத்தை மாற்றினோம். ஒரு கம்பியைக்கூட அவர் தப்பாக மாட்டவில்லை. ஞாபகம் போனவர் இப்படியா செய்வார் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் சொன்னார்: "கோழிக் கொட்டாய்க்குள்ள அந்த நாத்தம் புடிச்ச ஸ்கங்க் பூருதுடா, முட்டையத் திங்குது. உங்கம்மா என்ன சின்னப் பையன் மாதிரி வெச்சிருக்கா. ரெண்டு தோட்டா இருந்தாப் போதும்."

அவர் என்னிடம் எதையும் கேட்டவர் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். ரெண்டு கேட்டார், நான் முழுப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

மே மாதம் துப்பாக்கி இல்லை என்றதும் எனக்குத் திக்கென்றது. அவர் எங்கோ எறிந்தாரா, வயலில் வைத்து மறந்தாரா, யாரையாவது ஏதாவது செய்துவிட்டாரா என்று மனம் ஓடியது. நீ கேட்டபோது ஜன்னலைப் பார்த்தது அதனால்தான். வாயைத் திறந்தால் பெட்டி வெளியே வரும். திருடன் என்று நீ சொன்னது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்தது. செய்யாத தப்புக்குக் கோபப்படலாம் அல்லவா. செய்த தப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மூன்று கடிதத்திலும் இதை எழுதவில்லை. நீ பிரித்திருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது.

அம்மாவிடம் கேள். அந்தத் துப்பாக்கி தபால்காரியிடம் எப்படிப் போனது என்று எனக்கும் தெரிய வேண்டும். தெரியவும் வேண்டாம் போல் இருக்கிறது.

ஆர்லின்


ஹோல்ம்டால்
அக்டோபர் 19, 1989

ஆர்லின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் ரூபார்ப் தண்டு போட்ட பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

கிளாரிஸ் முந்திக்கொண்டு அவளிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. நான் கோட்டைக் கழற்றுவதற்குள், "கதவச் சாத்து" என்றாள்.

83 மார்ச் மாதத்தில் ஒரு காலை நடந்தது இது. அம்மா அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பினால் அப்பா கதவருகே துப்பாக்கியோடு. "நீ யாரு? என் வீட்டுக்குள்ள எப்படி வந்த?" என்றார். இங்கா என்று அவள் தன் பெயரைச் சொன்னாள். இங்கா வயலில் இருக்கிறாள், நீ பொய் சொல்கிறாய் என்றார். நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நின்றுகொண்டார். கஞ்சி அடிப்பிடித்துத் தீய்ந்தது. அடுப்பை அணைக்க அவளை விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்கிறாள்.

"சுட்டுடுவார்னு நினைச்சீங்களாம்மா?"

"கையி நடுங்கவே இல்ல. அவர் கையப் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்ல கையி அது."

பிறகு தெருமுனையில் கிளாரிஸ் ஹாரன் அடித்திருக்கிறாள், பத்தேகாலுக்கு, தினமும் அடிப்பதுபோல. அப்பா துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு தபால் வாங்கப் போனார். அவ்வளவுதான். அம்மா அதைப் பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அப்பா தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விதைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்பக்கமாக, கார் ஜன்னல் வழியாக அதைக் கிளாரிஸ் மடியில் வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். அப்பா திரும்பிப் பார்த்து, "இங்கா, குளுர்ல கோட்டில்லாம ஏன் வந்த?" என்று கேட்டாராம்.

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஆர்லின் எடுத்தான்னு நான் சொன்னப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க. ஏன் வாயத் தொறக்கல?"

"என்ன யாரும் கேக்கல. நீ அவனத்தான் கேட்ட."

"அம்மா."

அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கப்பா கோட்டுப் பையில மீதிப் பெட்டி இருந்துது. பச்சைக் கோடு. உன் கோடு எனக்குத் தெரியாதா. குடுக்காதன்னு உன்கிட்ட கெஞ்சினேன், நீ குடுத்திருக்க. அந்த மேசைல உண்மையச் சொன்னா, உன் தோட்டா என் நெஞ்சுக்கு நேரா நின்ன கதையும் வரும். அத நீ தாங்கமாட்ட. அவன் தாங்குவான்னு நினைச்சேன். கொஞ்ச நாள் கோச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேந்துடுவீங்கன்னு நினைச்சேன்."

என்னைக் காப்பாற்றுவதற்காக உன்னை விட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் செய்யாத காரியத்துக்காக.

உன் கடிதம் அப்போது என் கைப்பைக்குள்தான் இருந்தது. எடுத்திருக்கலாம். "நான் குடுக்கலம்மா" என்று இரண்டு வார்த்தை. சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் நல்ல மனசா, வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியவில்லை. உன்னைத் திருடன் என்று ஆறு வருடம் சொன்னேன், இதையும் நானே போய்ச் சொல்ல வேண்டுமா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று என்மேல் கோபம் வந்தது. உன்மேலும் வந்தது. அம்மாமேலும் வந்தது. அப்பாமேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், அது மட்டும் வரவில்லை.

அன்று துப்பாக்கிக்குள் இருந்து, ஆறு வருடம் கழித்து கிளாரிஸ் சுட்ட அந்த ஏழு தோட்டாவையும் நிரப்பியது நான்தான். ஒவ்வொரு கூட்டையும் விளக்கில் பார்த்து, ஒன்றும் தப்பு வராதபடி.

நீ என்ன செய்யப்போகிறாய் என்று எழுது.

வெர்னா


யூமா
அக்டோபர் 27, 1989

அக்கா,

நீ சொல்லாதே. நான் வருகிறேன்.

கீரை அறுவடை தொடங்குவதற்குள் ஒரு வாரம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். நவம்பர் 11 மைனாட் விமான நிலையத்தில் இறங்குகிறேன். கூப்பிட வருவாயா? வராவிட்டால் பேருந்தில் வந்துகொள்கிறேன்.

அம்மா நான் தாங்குவேன் என்று நினைத்தாள் என்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சந்தோஷப்படுவதா என்ன செய்வதென்று புரியவில்லை. என் சம்சாரத்திடம் படித்துக் காட்டினேன். "அது பாராட்டா, திட்டா?" என்றாள்.

நான் அவளிடம் பேசும்போது நீ அறையிலேயே இரு. வெளியே போகாதே.

ஆர்லின்


ஹோல்ம்டால்
நவம்பர் 21, 1989

அன்புள்ள ஆர்லின்,

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாய், அப்போது வீட்டுக்காரர் கோர்டியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். அதனால் ஒன்றைச் சொல்லவில்லை.

அன்று நீ எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அம்மா, "காபி ஆறிப்போச்சு, சூடா வாங்கிட்டு வா" என்று உன்னை அனுப்பினாளே. நீ திரும்பி வந்து, என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாய். இல்லத்தில் ஆடும் பிங்கோ ஆட்டம் பற்றி என்றாள். அது பொய்.

நீ கதவைத் தாண்டியதும் என்னைப் பார்த்து, "அப்போ நீ இல்ல" என்றாள்.

"இல்லம்மா."

"ஆறு வருஷமா உன்மேல கோவமா இருந்தேன்டி."

"நீங்க காட்டவே இல்லையே."

"காட்டாம என்ன? எனக்குன்னு மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்ச, திரை தச்சுப் போட்ட. நான் வரமாட்டேன்னுட்டு இங்க வந்து சேந்தேன். அதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்ச?"

"படி ஏற முடியாதுன்னு சொன்னீங்க."

"எனக்குக் கால்ல என்ன கேடு. உன் வீட்டுக் கீழ்த்தளத்துல தோட்டா இருக்கு. நீ கேட்டா குடுத்துடுவ. அந்த வீட்ல எனக்குத் தூக்கம் வராது."

பயமா, கோபமா என்று கேட்டேன். "ரெண்டும்தான். எது எதுன்னு பிரிச்சுப் பாக்கல" என்றாள். அதற்குள் நீ மூன்று கோப்பையோடு வந்துவிட்டாய். ஒன்றிலிருந்து காபி உன் கைமேல் சிந்தியது. அவள் உன் கையைப் பிடித்துத் துணியால் துடைத்தாள். நீ அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாய், விமான நிலையம் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். சரியாகவும் இருக்கலாம். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கிளாரிஸ் நேற்று வந்தாள். நீ வந்திருந்தபோது அவள் துப்பாக்கியை நீட்டினாள், நீ கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அது அவளுக்கு வருத்தமாம். தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். நீ போட்ட கடிதங்களைத் திருப்பி எடுத்துப் போனதும் அவள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மூணாவது தடவ உன் வீட்டு வாசல்ல கார நிறுத்திட்டு, உள்ள வந்து சொல்லிடலாமான்னு உக்காந்திருந்தேன் வெர்னா. பின்னால பால் வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான், போயிட்டேன்" என்றாள். அவளுக்கு லெஃப்ஸே ரொட்டி கட்டிக் கொடுத்தேன்.

இன்று மத்தியானம் அம்மாவிடம் போய்க் கேட்டேன். கீழ்த்தளத்தைக் காலி பண்ணினால் வீட்டுக்கு வந்துவிடுகிறீர்களா என்று.

"எதுக்குக் காலி பண்ணணும்? நீதான் குடுக்கலையே."

"அப்போ வர்றீங்களா?"

"வியாழக்கிழம நன்றி நாளுக்குச் சாப்பிட வரேன். தங்கறதப் பத்தி இப்ப கேக்காத. இத்தன நாள் ஒரு மாதிரி நினைச்சு வாழ்ந்தாச்சு. இல்லன்னு தெரிஞ்சதும் மனசு ஒடனே மாறிடுதா என்ன" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பழக்கத்தில் உன்மேல் கோபம் வருகிறது. பல் துலக்கும்போது காரணம் தேடுகிறேன், இல்லை. வேறொன்று இருக்கிறது, அது அந்தப் பழைய இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறது.

அவள் வேண்டாம் என்று சொன்னாலும் நான் கீழே இறங்கி வேலையைத் தொடங்கிவிட்டேன். மருந்தையும் கூடுகளையும் கிளப்பில் வேறொருவர் எடுத்துக்கொள்கிறார். மேசையில் பொருத்திய அழுத்தும் பொறியைக் கழற்ற நாலு போல்ட். மூன்று வந்துவிட்டது. நாலாவது துருப்பிடித்து, தலையும் மழுங்கிப்போய், ஸ்பேனர் வழுக்குகிறது. கோர்டி சுத்தியலோடு வந்தார், வேண்டாம் என்று மேலே அனுப்பிவிட்டேன். எண்ணெய் ஊற்றி எத்தனை நாள் விட வேண்டும், சூடு காட்டலாமா, எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று எழுது.

அவசரம் இல்லை. நிதானமாகவே எழுது.

அக்கா